ஃபென்னாவுக்கு விட்ட இடம்

எங்கள் வீட்டில் தெருவை என் கணவன் எவர்ட் வரைவான். தெருவில் நடக்கிறவர்களை நான் வரைவேன். கல்யாணத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு அல்ல இது. என் அப்பாவின் பட்டறையில் இருவரும் ஒன்றாகத் தொழில் பழகிய காலத்திலேயே அப்படித்தான். அதனால் எங்களுக்குள் எப்போதும் வா, போ தான். அவனுக்குச் செங்கல் வரும்; மனிதர்கள் வரமாட்டார்கள். எனக்கு நேர்மாறு. நான் போட்ட சுவர் எதுவும் நேராக நின்றதில்லை.

"உன் வீட்டுல ஆளைக் குடி வைக்கணும்னா முட்டுக்கொடுத்துட்டுத்தான் வைக்கணும்" என்பான்.

"உன் ஆளுங்களுக்கு முழங்கால் எங்க இருக்குன்னு முதல்ல கண்டுபிடி, அப்புறம் என் வீட்டைப் பத்திப் பேசலாம்" என்பேன்.

இந்தப் பங்கீடு நாங்கள் கண்டுபிடித்ததும் அல்ல. இருநூறு வருஷங்களுக்கு முன்னால் எங்கள் ஊரான இதே டெல்ஃப்ட்டிலும், ஹார்லெமிலும் தெருவையே படமாக்கலாம் என்று துணிந்தவர்களிடமிருந்து வந்தது. ஒருவர் கட்டடங்களை முடித்து, படம் வரைந்த மரப்பலகை காய்ந்ததும் இன்னொருவரிடம் அனுப்பிவிடுவார். அவர் ஆட்களை இறக்கித் திருப்பி அனுப்புவார். இன்றைக்கு அந்தப் பழைய படங்களின் மேல் பணக்காரர்களுக்குப் பைத்தியம். கிடைப்பதோ கொஞ்சம். ஆகவே எங்களைப் போன்றவர்கள் அதே முறையில் புதிதாக வரைகிறோம். பழைய தொப்பி, அகலமான வெள்ளைக் கழுத்துப்பட்டை, தரை கூட்டும் பாவாடை என்று என்னிடம் ஒரு பெட்டி நிறைய உண்டு. எவர்ட் தன் பங்குக்கு எரிவாயு விளக்குக் கம்பங்களைத் தெருவிலிருந்து பிடுங்கிவிடுவான்.

செங்கல் சுவர் போடுவதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. தெரியாதவர்கள் ஒவ்வொரு செங்கல்லாக வரைவதாக நினைப்பார்கள். அப்படி வரைந்தால் சுவர் கட்டம் போட்ட துணி மாதிரி ஆகிவிடும். முதலில் சுவர் முழுக்க ஒரே நிறம், பழுப்பும் சிவப்பும் கலந்து, மெல்லியதாக. அது காய்ந்த பிறகு சாந்துக் கோடுகள். ஈய வெள்ளைச் சாயத்தில் கொஞ்சம் சாம்பல் நிறம் சேர்த்து, நுனி மெலிந்த தூரிகையால். கோடு முழுசாகப் போகக் கூடாது. அங்கங்கே விட்டுப்போக வேண்டும். விட்ட இடத்தைப் பார்ப்பவரின் கண்ணே நிரப்பிக்கொள்ளும். கடைசியாகச் சில செங்கற்களை மட்டும் தனியாக எடுத்துக் கொஞ்சம் கருக்கலாக, கொஞ்சம் மஞ்சளாக. அவ்வளவுதான், சுவர் கனத்துவிடும். கையை வைத்தால் வெயிலின் சூடு தெரியும் போல இருக்கும்.

ஆட்களுக்கும் விதிகள் உண்டு. முக்கியமானது, யாரும் நம்மைப் பார்க்கக் கூடாது. தெருவில் ஒருத்தி நேராக நம்மைப் பார்த்துவிட்டால் நம் கண் அவள் முகத்திலேயே நின்றுவிடும், தெருவுக்குள் போகாது. அதனால் அந்தக் காலத்துக்காரர்கள் எல்லாரையும் திருப்பி நிறுத்தினார்கள். நானும் அப்படியே.

எங்கள் மகள் ஃபென்னா நடக்கத் தொடங்கியதிலிருந்து, ஆம்ஸ்டர்டாமுக்கு விற்கப் போகும் எங்கள் படங்களில் வரும் குழந்தை அவள்தான். பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் தொப்பியை மாட்டி, சுவரைப் பார்த்து நிற்கவைப்பேன். நிற்க மாட்டாள், பேசிக்கொண்டே இருப்பாள்.

"அம்மா, ஆம்ஸ்டர்டாம்ல எல்லாருக்கும் என் பின்பக்கம் மட்டும்தான் தெரியும், இல்ல?"

"அசையாதே."

"நான் அங்க போனா திரும்பித் திரும்பித்தான் நடக்கணும். இல்லைனா யாரும் என்னைக் கண்டுபிடிக்க மாட்டாங்க."

எவர்ட் சிரித்துச் சிரித்துக் கோட்டைக் கெடுத்துக்கொள்வான்.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறாம் வருஷம் ஆகஸ்ட்டில் ஊருக்குள் காலரா வந்தது. ஃபென்னாவுக்கு ஆறு வயது. காலையில் தண்ணீர் கேட்டாள். கேட்கக் கேட்கக் கொடுத்தேன். அந்தத் தண்ணீரைத்தான் கொடுத்திருக்கக் கூடாது என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார். இல்லை, காற்றுதான் காரணம் என்றார் இன்னொருவர். எங்கள் வாசலில் நின்று அவர்கள் இருவரும் வாக்குவாதம் செய்ததை நாங்கள் கேட்டுக்கொண்டு நின்றோம். உள்ளே அவள் கட்டிலை அப்போதே எடுத்தாகிவிட்டது.

அதற்குப் பிறகும் வேலை நின்றுவிடவில்லை. ஆனால் எவர்ட் தண்ணீரை வரைவதை விட்டுவிட்டான். டெல்ஃப்ட்டில் கால்வாய் தெரியாத ஒரு பார்வையைப் பிடிப்பது லேசான காரியம் அல்ல. சந்துசந்தாக அலைந்து பிடித்தான். நான் குழந்தைகளை இறக்குவதை விட்டேன். கிழவிகள், நாய்கள், கூடைக்காரர்கள். இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ரூலாண்ட் பேசினார். ஆம்ஸ்டர்டாமில் எங்கள் படங்களை விற்றுத்தரும் வியாபாரி அவர். பருத்த மனிதர், நல்லவர், ஏறி வந்த மாடிப்படிகளைத் திட்டிக்கொண்டே பட்டறைக்குள் நுழைவார். இந்த வருஷம் இலையுதிர்காலத் தொடக்கத்தில் வந்தபோது, உலர வைத்திருந்த பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எவர்ட், என்னப்பா இது? டெல்ஃப்ட்டுல இருந்துகிட்டு கால்வாய் இல்லாத தெருவாப் பொறுக்கறே. மீன் சந்தைக்குக் கூட்டிட்டுப் போய் தராசை மட்டும் காட்டின மாதிரி இருக்கு."

"சுவத்துல வெயில் இருக்கு பாருங்க. அது போதாதா?"

"எனக்குப் போதும். வாங்கறவனுக்குப் போதணுமே." என் பக்கம் திரும்பினார். "நீங்களும்தாம்மா. எங்க பாத்தாலும் கிழவிங்க. கிழவிங்களைப் பாக்க அவங்க வீட்டுலயே ஆள் இருக்கு. முன்னாடி ஒரு பொண்ணு வருமே, வெள்ளைத் தொப்பி போட்டுகிட்டு, முதுகைக் காட்டிகிட்டு? அவளைக் கேட்டே வர்றவங்க இருக்காங்க. அவ எங்க போனா?"

எங்களுக்கு ஒரு மகள் இருந்து செத்துப்போனாள் என்பது ரூலாண்டுக்குத் தெரியும். அந்தப் பெண்தான் இவள் என்று தெரியாது. எப்படித் தெரியும்? முகத்தை நாங்கள் காட்டியதே இல்லையே.

"வருவா" என்றேன்.

அவர் படியிறங்கிப் போன பிறகு எவர்ட் வண்ணத் தட்டில் காய்ந்திருந்ததைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே, "எதுக்கு அப்படிச் சொன்னே?" என்றான்.

"ஃபென்னாவை இறக்கப்போறேன். இந்தத் தடவை முகத்தோட."

"தெருப் படத்துல யாரும் முகம் காட்டறதில்ல."

"எனக்கே பாடம் எடுக்காதே."

"சரி. நான் சுவரை முடிச்சதும் இறக்கு."

"முடிச்சப்புறம் இல்ல. நீ முதல்லயே அவளுக்கு இடம் விடணும்."

கத்தி நின்றது.

நான் என்ன கேட்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. தொழிலில் இல்லாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆட்கள் கடைசியில் வருகிறவர்கள். முடிந்த சுவரின் மேலேயே, பாவிய கல்தரையின் மேலேயே, மெல்லிய சாயத்தில் நான் அவர்களைப் போடுகிறேன். அன்றைக்குப் பார்த்தால் கெட்டியாக நிற்பார்கள். ஆனால் எண்ணெய்ச் சாயம் வயதாக ஆகக் கண்ணாடி போல ஆகிறது. ஐம்பது, நூறு வருஷம் போனால் மேல் பூச்சு தெளிந்து அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும். ஹேக் நகரத்தில் ஒரு வீட்டில் பழைய படம் ஒன்றைக் காட்டினார்கள். சதுக்கத்தில் கறுப்பு அங்கி போட்ட ஒருவர் நிற்கிறார். அவர் வயிற்றுக்குள் தரைக்கல் வரிசையாகத் தெரிகிறது. முகம் இருந்த இடத்தில் பின்னால் உள்ள ஜன்னல். கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மனிதர்தான் போய்க்கொண்டிருந்தார்.

அதைத் தடுக்க ஒரே வழி, அடியில் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது. சுவர் போடுகிறவர் ஆள் நிற்கப்போகிற இடத்தைத் தொடாமல், வெறும் வெள்ளை அடிப்பூச்சாகவே விட்டுவிட வேண்டும். அங்கே கனமாகச் சாயம் வைத்து ஆளை எழுப்பினால் எத்தனை வருஷம் போனாலும் பின்னாலிருந்து எட்டிப் பார்க்க ஒன்றும் இருக்காது. இதுவரை விற்ற படங்களில் ஃபென்னா எல்லாவற்றிலும் செங்கல் மேல்தான் நிற்கிறாள். எங்கெங்கோ உள்ள வீடுகளில், முதுகைக் காட்டிக்கொண்டு, மெல்ல மெல்லச் சுவராகிக்கொண்டு.

"உன் செங்கல் என் பொண்ணைத் தின்னுடும், எவர்ட்."

"உன் பொண்ணா? எனக்கு அவ யாரு?"

"அப்போ இடம் விடு."

அவன் கத்தியைத் துடைத்து வைத்தான். "இடம் விடறதுன்னா என்னன்னு யோசிச்சியா? இந்தப் பக்கத்துலேருந்து ஒவ்வொரு கோடா இழுத்துகிட்டு வந்து, அவ ஓரத்துல நிறுத்தணும். தாண்டி அந்தப் பக்கம் போய் மறுபடி ஆரம்பிக்கணும். தினமும். நீ ஒரு நாள்ல ஆளை இறக்கிட்டுப் போயிடுவே. நான் மாசக்கணக்கா அவ இல்லாத இடத்தைச் சுத்திச் சுத்தி வேலை செய்யணும்."

மோர்க்கஞ்சியை எடுத்து மேஜையில் வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். மறுநாள் காலை அவன் ஒரு புதிய ஓக் பலகையை எடுத்து அடிப்பூச்சுப் பூசிக்கொண்டிருந்தான்.

அவன் எடுத்துக்கொண்டது எங்கள் தெருவையே. எதிர் வாசலில் நின்று பார்த்தால் எங்கள் வீட்டு முகப்பு, பச்சைக் கதவு, கதவுக்கு இடப்பக்கம் வெயில் விழும் செங்கல் சுவர். வானம் முதலில், பிறகு கூரைகள், பிறகு சுவர் என்று மேலிருந்து கீழாக இறங்கினான். நான் சாயம் அரைத்துக் கொடுத்தேன். படத்தைப் பார்க்கவில்லை, ஒருவர் வேலையை மற்றவர் முடியும்வரை பார்ப்பதில்லை என்பது எங்கள் பழக்கம். மாலையில் கை கழுவ வருவான். "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்பேன். "தோளுக்கு வந்துட்டேன்" என்பான். இன்னொரு நாள், "முழங்கை." அவ்வளவுதான் பேச்சு.

நவம்பரில் ஒரு காலை பலகையைக் கொண்டுவந்து என் படத்தாங்கியில் வைத்துவிட்டு, "உன்னோடது" என்று சொல்லி, அடுப்பில் எரிக்கிற கரிமண் கட்டிகளை எடுக்கக் கீழே போனான்.

இந்த வேலையில் முப்பது வருஷமாக இருக்கிறேன். இப்படி ஒரு சுவரை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. மழை இறங்கிய கறை, கதவு இடித்து உதிர்ந்த மூலை, பாசி. அதன் நடுவே, கதவின் பக்கத்தில், கையளவு உயரத்துக்கு வெள்ளையாக ஒரு குழந்தையின் வடிவம். தலை, கழுத்து, கொஞ்சம் தூக்கினாற்போல ஒரு தோள், பாவாடை, இரண்டு மரச்செருப்புகள். ஃபென்னா அப்படித்தான் ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். அதை நான் அவனிடம் சொல்லவே இல்லை.

தூரிகையை எடுத்தேன். வைத்தேன். ஏதோ சரியில்லை. முதலில் என்னவென்று பிடிபடவில்லை. பிறகு செங்கல் வரிசைகளை எண்ணினேன்.

பெரியவர்களின் உயரத்தைக் கணக்கிடுவது சுலபம். தரை சமமாக இருந்தால் கிட்டே நிற்பவர் தலையும் தூரத்தில் நிற்பவர் தலையும் நம் கண்மட்டத்துக் கோட்டிலேயே வரும். குழந்தைகளுக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. அவர்களைப் பக்கத்துச் சுவரின் செங்கல்லால்தான் அளக்க வேண்டும். எவர்ட் அதை வீட்டிலும் செய்வான். ஒவ்வொரு மே மாதமும் பிறந்தநாளன்று ஃபென்னாவை எங்கள் வாசலில் உள்ள அந்தச் சுவரிலேயே சாய்த்து நிறுத்தி, பாதத்திலிருந்து எண்ணிக்கொண்டு போவான். அதிர்ஷ்டவசமாக எங்கள் ஊர்ச் செங்கல் சின்னது; வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு வரிசை வளர்ந்தாள். கடைசியாக அளந்தபோது இருபத்திரண்டு.

படத்தில் இருபத்து நான்கு.

செங்கல்லில் தவறு செய்கிறவன் அல்ல எவர்ட். ஆனாலும் தவறு என்றுதான் நினைத்தேன். கரிமண் கூடையோடு மேலே வந்தவனிடம், "தலை ரெண்டு வரிசை மேல போயிடுச்சு. அவ இவ்வளவு உயரம் இல்ல" என்றேன்.

கூடையை இறக்கினான். "இருக்கா."

"இருபத்திரண்டுதானே எவர்ட்."

"அது அறுபத்தாறுல." அடுப்புப் பக்கம் திரும்பி நின்றான். "மே மாசத்தோட எட்டு வயசு முடிஞ்சுடுச்சே அவளுக்கு."

எனக்குள் அவள் ஆறு வயதிலேயே நின்றுபோனாள். அவள் அசையாமல் இருக்க வேண்டும், கொஞ்சமும் மாறாமல் அப்படியே கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் படத்தையே கேட்டேன். அவனோ பக்கத்து அறையில் அவளை வளர்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மே மாதமும் யாருக்கும் சொல்லாமல் போய் அந்தச் சுவரில் ஒரு வரிசை ஏற்றி எண்ணியிருக்கிறான்.

"நீ வரைஞ்சுடுவே" என்றான். "உனக்குத் தெரியும்ல எப்படின்னு."

எனக்குத் தெரியும். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே குழந்தைக்கு என்ன ஆகிறது என்பது என் தொழில். கன்னம் வற்றும், மூக்குக்கும் வாய்க்கும் இடையே தூரம் கூடும், கால் நீளும், கழுத்து தெரிய ஆரம்பிக்கும். விழுந்த முன்பற்களின் இடத்தில் பெரிய பற்கள் வந்து வாயின் வடிவமே மாறும். இதையெல்லாம் பிறர் குழந்தைகளுக்குச் செய்திருக்கிறேன். ரொட்டிக் கடைக்காரர் மகள் டீவெர்கா, ஃபென்னாவோடு பள்ளிக்குப் போனவள், தினமும் எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போகிறாள். அவளைப் பார்த்துக் கைகால் அளவை எடுத்துக்கொண்டேன். முகத்தை என் நினைவிலிருந்து எடுத்து, நீட்டி, ஒடுக்கி வைத்தேன்.

அன்று மாலை எவர்ட் வந்து பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான்.

"யாரு இது?" என்றான்.

குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. டர்பன்டைன் துணியால் துடைத்தேன். மறுநாள் மறுபடி. கண்ணை அவளுடையதாக வைத்தால் வாய் டீவெர்காவுடையதாக இருந்தது. வாயைச் சரிசெய்தால் என் தங்கையின் சாயல் வந்தது. ஒருமுறை அழகான ஒரு பெண் வந்துவிட்டாள். யார் பெற்ற பெண்ணோ. துடைக்கத் துடைக்க அடிப்பூச்சு அழுக்கேறியது.

"முடியல எவர்ட்" என்றேன். "இவளை நான் பாத்ததே இல்ல."

அவன் தலையாட்டினான். "நானும்தான்" என்றான். "உயரம்தான் தெரியும் எனக்கு. மிச்சத்தை நீ காட்டுவேன்னு நினைச்சேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மாதங்கள் முழுக்க அவன் அந்த வெள்ளை இடத்தைச் சுற்றி உட்கார்ந்து, பெரியவளாகிவிட்ட மகளை நான் அவனுக்குக் கொண்டுவந்து காட்டுவேன் என்று காத்திருந்திருக்கிறான்.

அந்த வாரக் கடைசியில் ஆறு வயது ஃபென்னாவை வரைந்தேன். அரை நாள்கூட ஆகவில்லை. பெட்டியைத் திறக்கவில்லை, அவளுடைய பழுப்புக் கட்டம் போட்ட மேலங்கியையே போட்டுவிட்டேன். தொப்பி இல்லை. தெருவின் விதிகளை எல்லாம் மீறி நேராக நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ரூலாண்ட் கத்துவார். கத்திவிட்டு எடுத்துக்கொண்டு போவார். எடுத்துக்கொண்டு போகட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு முகமாவது ஆம்ஸ்டர்டாமுக்குப் போகட்டும்.

பாதம் தரையில் பதிய வேண்டும் என்பதால் அவளைக் கீழிருந்துதான் எழுப்ப முடியும். தோளை ஒட்டி மிச்சமிருந்த ஓரங்களை நிழலால் மூடிவிட்டேன். தலைக்கு மேலே மட்டும் வெள்ளை மிஞ்சியது. இரண்டு வரிசை உயரம். யாரோ பெரிய தொப்பி ஒன்றைக் கழற்றி அவளுக்கு மேலே பிடித்திருப்பது போல.

"அதை மூடணும்" என்றேன்.

"நீயே மூடிடேன்."

"என் கோடு உன் கோட்டோட சேராது. உனக்குத் தெரியாதா?"

உண்மைதான். வேறு கை பட்டால் அந்தச் சுவரில் ஒரு வடு தெரியும். அவனும் அதை மறுக்கவில்லை. ஜன்னல் ஓரமாக முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். பழுப்பும் சிவப்பும் கலந்து, பக்கத்துச் சுவரின் நிறத்தோடு பொருந்துகிறதா என்று நகத்தில் வைத்துப் பார்த்தான். வெள்ளையின் மேல் மெல்லிதாக இழுத்தான். அது காய நாள்கள் ஆயின. அந்த நாள்களில் பட்டறைக்குள் இருவரும் அதிகம் போகவில்லை.

காய்ந்த பிறகு சாந்துக் கோடு. தூரிகை பிடிக்கும் கை ஆடாமலிருக்க ஒரு கோலைக் குறுக்கே வைத்து அதன் மேல் மணிக்கட்டைத் தாங்கிக்கொள்வது வழக்கம். எவர்ட் கோலை வைத்தான். இடப்பக்கத்துச் சுவரில் நின்றுபோயிருந்த கோட்டின் நுனியைத் தேடிப் பிடித்தான். தூரிகை பலகையைத் தொடுவதற்குள் கோலே ஆடியது. எடுத்துவிட்டான். மறுபடி வைத்தான். மறுபடி ஆடியது.

நான் பக்கத்தில் போய்க் கோலின் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஏழு வயசு" என்று முனகினான். அவள் உச்சியை ஒட்டியே கோடு போயிற்று, நடுவில் ஓரிடத்தில் விட்டு, வலப்பக்கத்துச் சுவரில் சேர்ந்தது. தூரிகையைத் துடைத்து மறுபடி தோய்த்தான். அடுத்த கோட்டை உடனே போடவில்லை. கீழே தெருவில் பால்காரர் யாருடனோ விலைக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அது ஓய்ந்த பிறகும் அவன் கை கோலின் மேலேயே இருந்தது.

"போடு எவர்ட்" என்றேன்.

போட்டான்.